குசினிக்கு ரேஞ்ச் ஹூட் பூட்ட யாரைக் கூப்பிடுவது?

மட்டக்களப்பு கல்லடி வீட்டுக் குசினிக்கு ஹூட் (அடுப்புக்கு மேலே பூட்டும் புகை உறிஞ்சி) வாங்கிவிட்டோம், பூட்டுவதற்கு மேசனா எலக்ட்ரீஷியனா என்று கேட்டிருக்கிறீர்கள். புகையை வெளியே தள்ளும் வகை என்றால் இரண்டு பேரும் வேண்டும். சுவரில் ஓட்டை போட மேசன், கரண்ட் வேலைக்கு என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் உள்ள எலக்ட்ரீஷியன். கரி வடிகட்டி வைத்து காற்றை உள்ளேயே சுற்றவிடும் வகைக்கு ஓட்டை தேவையில்லை.

வேலையைக் கொடுக்க முன்னர், "புகைக் குழாயை எங்கே கொண்டுபோய் விடுவீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். "சீலிங்குக்கு மேல விட்டாப் போதும்" என்பவரை அனுப்பிவிடுங்கள். என் அக்கா வீட்டில் அப்படித்தான் செய்தார்கள். ஒரு வருடத்துக்குள் சீலிங் பலகையில் மண்ணிறத் திட்டுகள், மீன் பொரித்த எண்ணெய்ப் பிசுக்கு. அது தீப்பிடிக்கவும் கூடும்.

நல்ல வேலைக்காரர் முதலில் அடுப்பிலிருந்து உயரத்தை அளப்பார். கேஸ் அடுப்புக்குப் பொதுவாக 65 முதல் 75 சென்டிமீட்டர். உங்கள் ஹூட்டின் கையேட்டில் இருப்பதே கடைசிச் சொல். குழாயை வளைவு குறைத்து, வெளிப்பக்கம் சற்றுச் சரித்து வைப்பார். நம்முடைய மார்கழி மழை வாடைக்காற்றோடு சாய்ந்து அடிக்கும், அதனால் குழாயின் வெளிப்பக்க வாய்க்கு மூடித் தகடு கட்டாயம். கடற்கரைப் பக்கம் என்பதால் ஆணி, திருகு எல்லாம் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும்.

எர்த் இணைப்பு இருக்கிறதா, கரண்ட் கசிந்தால் ட்ரிப் சுவிட்ச் விழுகிறதா என்று எலக்ட்ரீஷியனைச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். மிச்சக் காசை அப்புறம் கொடுக்கலாம்.