அறிமுகம் முடிந்த பிறகும் பெயர்கள் நினைவில் நிற்க என்ன செய்யலாம்?

கேள்வி: மூன்று நாள் பயிலரங்கு ஒன்றை நடத்தப் போகிறேன். 24 பேர் வருகிறார்கள், யாருக்கும் யாரையும் தெரியாது. இளைஞர்களும் இருக்கிறார்கள், அறுபது வயதுக்காரர்களும் இருக்கிறார்கள். சென்ற முறை வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பெயர் சொன்னோம். மதியத்துக்குள் எல்லாருக்கும் எல்லாம் மறந்துவிட்டது. கூச்சப்படுபவர்களைச் சங்கடப்படுத்தாத பெயர் விளையாட்டுகள் இருந்தால் சொல்லுங்கள்.

பதில்: மறந்துபோனதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது, நீங்கள் நடத்திய விதத்திலும் அக்கறைக் குறைவு இல்லை. வட்டமாக உட்கார்ந்து வரிசையாகப் பெயர் சொல்லும் முறையே அப்படிப்பட்டது. தன் முறை நெருங்க நெருங்க, என்ன பேசலாம் என்ற யோசனையிலேயே மனம் போய்விடும். தனக்குச் சற்று முன்னால் பேசியவர் சொன்னது காதில் விழும், ஆனால் தங்காது. மால்கம் பிரென்னர் என்ற ஆய்வாளர் 1973இல் இதைச் சோதித்துக் காட்டியிருக்கிறார். போதாக்குறைக்கு, புதிய தகவல்களில் மனம் ஒரே நேரத்தில் பிடித்து வைத்திருக்கக்கூடியது ஏறக்குறைய நான்குதான். அதில் 24 பெயர்களை ஒரே மூச்சில் கொட்டினால் எப்படி நிற்கும்?

பெயருக்கென்று தனியாக ஒரு சிக்கலும் உண்டு. 1987இல் வெளிவந்த ஓர் ஆய்வில், முகங்களைக் காட்டி ஒவ்வொருவரின் பெயரையும் தொழிலையும் கற்றுக்கொள்ளச் சொன்னார்கள். ஒரே சொல் தொழிலாகச் சொல்லப்பட்டபோது எளிதாக நினைவுக்கு வந்தது, பெயராகச் சொல்லப்பட்டபோது நழுவியது. தொழில் என்றால் அதோடு ஒரு காட்சியே மனதில் வந்துவிடும். பெயருக்கு அப்படிப் பற்றிக்கொள்ள எதுவும் இல்லை.

ஆகவே எந்த விளையாட்டைத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்றைப் பாருங்கள்: அதில் ஒருவர் மற்றவரின் பெயரைத் தானே யோசித்து, வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறதா? இல்லையென்றால் நேரம் சிரிப்பாகப் போகும், பெயர் மட்டும் தங்காது. பீட்டர் மாரிஸும் கேத்தரின் ஃப்ரிட்ஸும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், முன்னால் சொன்னவர்களின் பெயர்களை நினைவிலிருந்து சொல்லிவிட்டுத் தன் பெயரைச் சொன்ன குழுவினர், வழக்கமான முறையில் அறிமுகமானவர்களைவிட அதிகப் பெயர்களை நினைவில் வைத்திருந்தார்கள்.

இதுதான் பெயர்ச் சங்கிலி. ஆனால் 24 பேரை வைத்து இதை நடத்தாதீர்கள். முதல் ஆளுக்கு வேலையே இல்லை, கடைசி ஆளுக்கு 23 பெயர்! கூச்சப்படுபவர் அந்தக் கடைசி இடத்தில் மாட்டிக்கொண்டால் அன்று முழுக்க வாய் திறக்க மாட்டார். எட்டு எட்டுப் பேராக மூன்று குழுக்களாகப் பிரியுங்கள். கடைசி ஆள் முடித்ததும், தொடங்கியவர் இன்னொரு முறை எல்லார் பெயரையும் சொல்லட்டும். பெயர் மறந்துவிட்டால் அந்த ஆளைப் பார்த்தால் போதும், அவரே சிரித்துக்கொண்டு தன் பெயரைச் சொல்லிவிட வேண்டும் என்று தொடக்கத்திலேயே விதி வைத்துவிடுங்கள். கூச்சக்காரர்களுக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி இதுதான். மறதிக்குத் தண்டனையாக ஆடச் சொல்வது, பாடச் சொல்வது எதுவும் வேண்டாம்.

ஒரு சுற்று முடிந்ததும் எல்லாரையும் இடம் மாறி உட்காரச் சொல்லுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இடம் மாறாவிட்டால் மனதில் பதிவது முகம் இல்லை, வரிசைதான். எழுந்து நின்றதும் எல்லாம் குழம்பிவிடும். அப்புறம் குழுக்களையே கலைத்து, பழைய குழு ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு மூன்று பேர் வருகிற மாதிரிப் புதிய குழுக்கள் அமையுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒன்றிரண்டு தெரிந்த முகங்களாவது இருக்கும், புதிதாகக் கற்க வேண்டியவை ஐந்தோ ஆறோதான்.

இந்த இரண்டாவது சுற்றில் பந்தைக் கொண்டு வாருங்கள். மென்மையான பந்தாக இருக்கட்டும். முதலில் தன் பெயரைச் சொல்லிவிட்டு யாருக்காவது போட வேண்டும். சிறிது நேரம் கழித்து, யாருக்குப் போடுகிறோமோ அவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டுப் போட வேண்டும். அதுவும் பழகியதும், பிடித்தவர் போட்டவரின் பெயரைச் சொல்லி நன்றி சொல்ல வேண்டும். சிலர் இதை மாறாத ஒரே வரிசையில் சுற்றவிட்டு, வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். பார்க்க உற்சாகமாக இருக்கும். ஆனால் அதில் ஒருவர் கற்பது தனக்குப் போடுபவர், தான் போடுபவர் என இரண்டே பெயர்களை. வரிசை இல்லாமல் விடுங்கள். ஒரு முறை பந்து வந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டால், யாரும் விடுபட மாட்டார்கள். குனிந்து நிமிர முடியாதவர்கள் இருந்தால் எல்லாருமே மேசையைச் சுற்றி உட்கார்ந்து பந்தை உருட்டலாம்.

பெயரின் முதல் எழுத்தில் தொடங்கும் அடைமொழி ஒன்றைச் சேர்த்துச் சொல்லும் விளையாட்டு பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் விருப்பம் இல்லை. சில எழுத்துகளுக்குச் சொல்லே கிடைக்காது, பக்கத்திலிருப்பவர் விளையாட்டாக எடுத்துக்கொடுக்கும் சொல் மூன்று நாளும் பட்டப்பெயராக ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பதிலாக, இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து, தன் பெயரைப் பற்றி ஏதாவது ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள். யார் வைத்தார்கள், எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும், எல்லாரும் எந்த எழுத்தைத் தவறாக எழுதுகிறார்கள் என்று எதுவாகவும் இருக்கலாம். பற்றிக்கொள்ள எதுவும் இல்லாத பெயருக்கு இது ஒரு பிடி கொடுக்கும். பெயரின் கதையைச் சொல்ல விரும்பாதவர்களும் இருப்பார்கள். எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதை மட்டும் அவர்கள் சொன்னால் போதும், துருவிக் கேட்க வேண்டாம்.

இரண்டு அணிகளுக்கு நடுவே போர்வையைப் பிடித்து, சட்டென்று கீழே விட்டு, எதிரில் இருப்பவரின் பெயரை முதலில் சொல்பவருக்குப் புள்ளி தரும் விளையாட்டும் உண்டு. நல்ல விளையாட்டுதான், ஆனால் அது வேகத்தைச் சோதிப்பது. இரண்டாம் நாள் மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு இருவராக உட்காரட்டும், ஒருவருக்கு மறந்தால் மற்றவர் சொல்லலாம்.

முதல் நாள் காலையில் இதற்கு அரை மணி நேரம் போதும். முழு ஒரு மணி நேரத்தையும் அங்கேயே செலவழித்துவிட்டு அதோடு விட்டுவிடுவதைவிட, மீதி நேரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்வது பலன் தரும். கற்றதைக் கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளியை நீட்டி நினைவுகூர்ந்தால் பெயர்கள் நன்றாகத் தங்கும் என்று லாண்டவர், பியோர்க் என்ற ஆய்வாளர்கள் 1978இலேயே காட்டியிருக்கிறார்கள். தேநீர் இடைவேளை முடிந்ததும் மூன்று நிமிடம், மதியம் கொஞ்சம், மாலை கிளம்பும் முன் கொஞ்சம், மறுநாள் காலை மறுபடியும். இன்னும் சந்திக்காத பத்துப் பதினொரு பேரை மதியச் சுற்றில் சேர்த்துவிடலாம்.

பெயர் அட்டை கட்டாயம் இருக்கட்டும். கூப்பிடும் பெயரை மட்டும் பெரிய எழுத்தில் எழுதுங்கள், பதவியும் நிறுவனமும் வேண்டாம். விளையாட்டு நடக்கும்போது அட்டையைத் திருப்பி வைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் எல்லாரும் யோசிக்காமல் படித்துவிடுவார்கள். தாமதமாக வருபவரை நிற்க வைத்து எல்லார் பெயரையும் அவருக்கு ஒப்பிக்காதீர்கள். ஒரு சிறு குழுவில் உட்கார வைத்து, அந்தக் குழுவின் சங்கிலியை இன்னொரு முறை ஓட விடுங்கள். அவருக்கு ஏழெட்டுப் பெயர் கிடைக்கும், மற்றவர்களுக்கும் ஒரு பயிற்சி ஆகிவிடும்.