பெயர் மூன்று, ஈஸ்ட் ஒன்றா?

கேள்வி: டொராண்டோவில் இருக்கிறேன். வீட்டில் 20 லிட்டர் பீர் போடுவது பொழுதுபோக்கு. என்னிடமுள்ள பேல் ஏல் (ஒரு வகை பீர்) செய்முறை வையீஸ்ட் நிறுவனத்தின் 1056 என்ற ஈஸ்டைக் கேட்கிறது. கடைக்காரர் அது இல்லை என்று யூஎஸ்-05 என்ற ஈஸ்ட் பாக்கெட்டை நீட்டி, "ரெண்டும் ஒண்ணுதான்" என்கிறார். நண்பரோ ஒயிட் லேப்ஸ் நிறுவனத்தின் 001தான் அசல் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: கையில் கிடைத்ததை வாங்கிப் போடுங்கள், பீர் நன்றாகவே வரும். ஆனால் கடைக்காரர் சொன்னது முக்கால் உண்மைதான்.

கிளிமூக்கு மாங்காயையே ஒருவர் பெங்களூரா என்பார், இன்னொருவர் தோத்தாபுரி என்பார். இதுவும் அந்தக் கதைதான். மூன்றும் கலிபோர்னியாவின் சிகோ நகரில் உள்ள சியரா நெவாடா ஆலையின் ஈஸ்ட் வழி வந்தவை என்பது பீர் போடுகிறவர்களிடையே நெடுநாள் பேச்சு. அதனால் "சிகோ" என்றே அழைப்பார்கள். பாக்கெட்டில் அந்தப் பெயர் இருக்காது. ஒரு நிறுவனம் 'அமெரிக்கன் ஏல்' என்கிறது, இன்னொன்று 'கலிபோர்னியா ஏல்' என்கிறது.

மாமரத்தை ஒட்டுக்கட்டினால் ஏறக்குறைய அதே மரம் வரும். ஈஸ்ட் அப்படியில்லை. ஒவ்வோர் ஆய்வகத்திலும் தனித்தனியே பல்லாண்டு வளர்ந்ததில் மரபணுவில் சின்னச் சின்ன மாற்றங்கள் சேர்ந்துவிட்டன. நெருங்கிய பங்காளிகள், அவ்வளவுதான். யூஎஸ்-05 சர்க்கரையைக் கொஞ்சம் கூடுதலாகத் தின்னும், அடியில் படிய நாளெடுக்கும். 16 டிகிரிக்குக் கீழே போனால் லேசாகப் பீச் பழ வாசம் வரும் (எனக்குப் பிடிக்காது). 18–20 டிகிரியில் வையுங்கள். 20 லிட்டருக்கு 11.5 கிராம் பாக்கெட் ஒன்று போதும்.

பெயரை நம்பி ஏமாறும் இடம் வேறு. ஒயிட் லேப்ஸ் 800 'பில்ஸ்னர் லாகர்' என்றே விற்றது (லாகர் என்பது ஏலைவிடக் குளிரில் நொதிக்கும் பீர்). மரபணுவைப் படித்தபோது அது லாகர் ஈஸ்ட் அல்ல, ஏல் ஈஸ்டின் இனமான செரிவிசியே என்று தெரிந்தது. அங்கே ருசிதான் கொஞ்சம் மாறும். 'டயாஸ்டாடிகஸ்' வகையில் விஷயம் விபரீதம். பெல் சேசான் என்ற ஈஸ்ட் அந்த வகை. மற்ற ஈஸ்ட் தொடாத டெக்ஸ்ட்ரின் என்ற நீள்சங்கிலிச் சர்க்கரையையும் இது நொதியால் உடைத்துத் தின்னும். பாட்டிலுக்குள் போன பிறகும் நிறுத்தாது. நொதித்து முடியும் முன் அடைத்தால் பாட்டில் வெடிக்கும்.

அதனால் கடைக்காரர் மாற்று ஈஸ்ட் கொடுத்தால் "டயாஸ்டாடிகஸா?" என்று மட்டும் கேளுங்கள். குறிப்பேட்டில் "சிகோ" என்று எழுதாமல் நிறுவனமும் எண்ணும் எழுதி வையுங்கள். அப்புறம், பெல் சேசான் போட்ட பீருக்குப் பயன்படுத்திய பிளாஸ்டிக் குழாயை பேல் ஏலுக்கு எடுக்காதீர்கள், உள்ளே ஒட்டியிருக்கும் ஈஸ்ட் அதிலும் புகுந்துவிடும். நான் தனிக் குழாய் வைத்து, நுனியில் சிவப்பு டேப் சுற்றியிருக்கிறேன்.