மலையில் செய்தால் இரசாயன விடை மாறுமா?

கேள்வி: சேர், நான் நுவரெலியாவில் உயர்தரம் படிக்கிறேன். தயோசல்பேற்றுப் பரிசோதனையில் (அமிலத்தோடு கலந்ததும் கரைசல் கலங்கி, அடியில் போட்ட குறியை மறைக்கும் நேரத்தை அளப்பது) குறி மறைவதற்கு, கொழும்பில் படிக்கும் மச்சாளுக்கு எடுத்ததைப் போல மூன்று மடங்கு நேரம் போகிறது. செறிவுக்கு எதிராக வீதத்தைக் குறித்த வரைபும் நேர்கோடாக வராமல் மேலே வளைந்து படுக்கிறது. எதனோலின் தகன வெப்பம் (ஒரு மூல் எரிந்தால் வெளிவரும் வெப்பம்) 1367 கிலோயூல் வரவேண்டிய இடத்தில் 773 தான் வந்தது. மலையில் ஒட்சிசன் குறைவு, அதனால்தான் என்று வகுப்பில் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: முதலாவதற்கு உங்கள் ஊர்தான் காரணம். கடைசிக்கு ஊர் பெரும்பாலும் காரணமில்லை. ஒட்சிசன் இரண்டிலும் குற்றவாளி அல்ல.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காலையில் ஆய்வுகூடம் 15 பாகையில் இருந்தால், கொழும்பில் அதே நேரம் 30 பாகை இருக்கலாம். 10 பாகை கூடினால் பல தாக்கங்களின் வீதம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது தோராய விதி. 15 பாகை வித்தியாசத்துக்குக் கணக்குப் போட்டால் 2.8 மடங்கு. மச்சாளுக்கும் உங்களுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் இதுதான். குளிரில் துணிக்கைகள் மோதுவது கொஞ்சம் குறைகிறது. ஆனால் ஏவற்சக்தியை, அதாவது தாக்கம் நடக்கத் தேவையான குறைந்தபட்ச சக்தியைத் தாண்டும் அளவு சக்தியோடு மோதுபவை மிக அதிகமாகக் குறைகின்றன. நேரம் நீளுவதற்கு இந்த இரண்டாவதே முக்கிய காரணம், அறிக்கையில் அதை எழுதுங்கள்.

வரைபு வளைவதுதான் எனக்குச் சுவையாகப் பட்டது. செறிந்த கரைசலைக் காலை முதல் பாடத்திலும், ஐதானதை வெயில் ஏறிய பிறகும் செய்தீர்களா? அப்படியென்றால் செறிந்தது குளிரில் மெதுவாக நடந்திருக்கும், ஐதானது சூட்டில் வேகம் பிடித்திருக்கும். கோடு மேலே படுத்துவிடும். செறிவின் விளைவைப் பார்க்க வந்த இடத்தில் வெப்பநிலையும் சேர்ந்து மாறிவிட்டது. தயோசல்பேற்றையும் அமிலத்தையும் தனித்தனியாக 30 பாகை நீர்த்தொட்டியில் வைத்து, பிறகு கலந்து, கலந்த கரைசலின் வெப்பநிலையை ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள்ளுங்கள். கரைசல்களின் மொத்தக் கனவளவும், குறியைப் பார்க்கும் கண்ணும் மாறக்கூடாது. ஒருவரே பார்க்கட்டும்.

இன்னொன்று, குளிர் என்று ஜன்னலைச் சாத்திவிட்டு இதைச் செய்யாதீர்கள். வெளிவரும் சல்பர் ஈரொட்சைட்டு ஆஸ்துமா உள்ளவர்களைப் படாதபாடு படுத்தும்.

இனி எதனோல். உங்கள் கணக்கு எப்படியிருக்கும் என்று ஊகிக்கிறேன்: 100 கிராம் நீர், 20 பாகை உயர்வு, 0.50 கிராம் எதனோல். ஒரு கிராம் நீரை ஒரு பாகை சூடாக்க 4.2 யூல் வேண்டும் (இதுவே தன்வெப்பக் கொள்ளளவு), ஆகவே 100 × 4.2 × 20 = 8,400 யூல். 0.50 கிராம் என்பது 0.0109 மூல். விடை மூலுக்கு ஏறத்தாழ 773 கிலோயூல். கணக்கு சரி. மீதி வெப்பம் எங்கே போனது என்பதே கேள்வி.

முகவை 100 கிராம் கண்ணாடியாக இருந்தால் அதுவும் சூடேறியிருக்கும். கண்ணாடியின் தன்வெப்பக் கொள்ளளவு ஒரு கிராமுக்கு, ஒரு பாகைக்கு 0.84 யூல் அளவு. அது மட்டும் 1,680 யூலை விழுங்கும். இதைச் சேர்த்தாலே விடை 927க்கு ஏறிவிடும். மிச்சம் பெரும்பாலும் சுவாலையைச் சுற்றியுள்ள வளியைச் சூடாக்கிப் போனது. திரி நீண்டிருந்தால் கரி படிந்து தகனம் அரைகுறையாகும். விளக்கை அணைத்த பிறகு மூடி போடாமல் நிறை பார்த்தால் ஆவியான எதனோலும் எரிந்ததாகக் கணக்கில் ஏறும். மெதைலேற்றட் ஸ்பிரிட்டைப் பாவித்திருந்தால் அது தூய எதனோலே அல்ல.

ஒட்சிசன் விஷயம்: உயரத்திலும் வளியில் அதன் பங்கு 21 சதவீதம்தான், அமுக்கம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்காகக் குறைகிறது, அவ்வளவே. ஒரு மூல் எதனோல் முழுதாக எரிந்தால் வெளிவரும் வெப்பம் இதனால் குறிப்பிடத்தக்க அளவு மாறாது.

அடுத்த முறை முகவைக்குப் பதில் மெல்லிய அலுமினியக் குளிர்பான டின் எடுங்கள். காற்றுத் தடுப்பாக மூன்று பக்கமும் தகடு வையுங்கள். உங்கள் ஊர்க் குளிர் இங்கே உதவும்: அறை 17 பாகையில் இருந்தால், காலைக் குழாய்த் தண்ணீரை 12 பாகையில் தொடங்கி 22இல் நிறுத்துங்கள். முதல் பாதியில் உள்வாங்கும் வெப்பமும் பின்பாதியில் இழக்கும் வெப்பமும் ஓரளவு ஈடாகும். ஆனால் 10 பாகை உயர்வு மட்டுமே என்பதால் நெருக்கமான பிரிவுகள் உள்ள வெப்பமானி வேண்டும். என்ன செய்தாலும் 1367 வராது. வந்தது போல் எழுதினால் திருத்துபவருக்கு உடனே தெரிந்துவிடும். 773 என்றே எழுதிக் காரணங்களை விளக்குங்கள்.

மக்னீசியத்தை அமிலத்தில் போட்டு ஐதரசன் சேகரிக்கும்போது மட்டும் அமுக்கம் உங்களைக் கவனிக்க வைக்கும். 16 பாகையில், 81 கிலோபஸ்கால் அளவில், ஒரு மூல் வாயு 29.7 லீற்றர் இடம் பிடிக்கும். 24 லீற்றர் என்று மனப்பாடமாகப் போட்டால் ஐதரசன் கூடுதலாக வந்தது போல் தோன்றும். அன்றைய அமுக்கத்தையும் வெப்பநிலையையும் வைத்து முதலில் மூலாக மாற்றிவிட்டு, அதன் பிறகு வீதத்தைக் கணியுங்கள்.