சோமர்டன் மனிதர்: விஷம், மயிர், ஒரு பெயர்

தடயவியல் ஆய்வகத்தின் நச்சியல் பிரிவில் 26 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சோமர்டன் வழக்கைப் பற்றி என்னிடம் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். உடற்கூறும் விஷமும் எனக்குத் தெரிந்த விஷயங்கள். மற்றவற்றில் குறைவாகத்தான் பேசுவேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கம். 1948 டிசம்பர் 1, காலை ஆறரை மணி. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரை ஒட்டிய சோமர்டன் பார்க் கடற்கரையில், தடுப்புச் சுவரில் தலை சாய்த்தபடி கோட்டும் டையுமாக ஓர் ஆண் இறந்து கிடந்தார். காயம் இல்லை. பணப்பை இல்லை. துணிகளில் லேபிள்கள் இல்லை. சில மாதம் கழித்து அவர் கால்சட்டையின் சின்ன உள்பையில் சுருட்டிய துண்டுத்தாள் ஒன்று கிடைத்தது. அதில் 'தமாம் ஷுத்' என்ற பாரசீகச் சொற்கள். 'முடிந்தது' என்று பொருள். உமர் கய்யாம் பாடல்களின் ஆங்கிலப் பதிப்பு ஒன்றின் கடைசிப் பக்கத்திலிருந்து கிழித்தது அது. பிறகு அந்தப் புத்தகமும் கிடைத்தது. அதில் புரியாத எழுத்து வரிசைகளும் ஒரு நர்ஸின் ஃபோன் நம்பரும் இருந்தன.

திருச்சி, சட்டக் கல்லூரி மாணவி: மேடம், சோதனையில் விஷம் கிடைக்கவில்லை. அப்படியானால் விஷத்தால் சாகவில்லை என்றுதானே அர்த்தம்?

இல்லை அம்மா. நீங்கள் நாளை நீதிமன்றத்தில் நிற்கப் போகிறவர், அதனால் இதை விரிவாகவே சொல்கிறேன். 'கிடைக்கவில்லை' என்பது வேறு, 'இல்லை' என்பது வேறு. எதைத் தேடினோமோ, அது அந்த முறையில் தென்படும் அளவுக்கு இல்லை என்பதைத்தான் அறிக்கை சொல்லும்.

1948-ல் அரசு ரசாயனர் ராபர்ட் கோவன் தேடியது சயனைடு, ஆல்கலாய்டுகள், பார்பிட்யூரேட், கார்பாலிக் அமிலம் போன்ற வழக்கமான விஷங்களை. எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் டுவையர் கண்டது என்ன? இதயம் சீராக இருந்தது. இரைப்பையில் ரத்தத் தேக்கம், உள்ளே இருந்த உணவில் ரத்தம் கலந்திருந்தது. கல்லீரலிலும் தேக்கம். மண்ணீரல் இயல்பைப் போல மூன்று மடங்கு. இது இயற்கைச் சாவு அல்ல என்று அவர் உறுதியாக நம்பினார். கடைசியாகச் சாப்பிட்டது பேஸ்டி என்ற, இறைச்சி அடைத்த மாவுப் பண்டம். அதிலும் விஷம் கண்டறியப்படவில்லை.

அடிலெய்டு பல்கலைக்கழக மருந்தியல் பேராசிரியர் ஸ்டான்டன் ஹிக்ஸ், தான் சந்தேகித்த இரண்டு மருந்துகளின் பெயர்களை விசாரணையில் வாய்விட்டுச் சொல்லாமல் தாளில் எழுதிக் கொடுத்தார். வெளியே தெரிந்தால் யாராவது பயன்படுத்திவிடுவார்கள் என்ற கவலை. பின்னாளில் வெளிவந்த அந்தப் பெயர்கள் டிஜிட்டாலிஸ், ஸ்ட்ரோஃபான்தின். இரண்டுமே இதயத்தைத் தாக்கும் கிளைகோசைடுகள் என்ற தாவரப் பொருள்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. அரளியிலும் மஞ்சள் அரளியிலும் இருப்பது இதே குடும்பத்து விஷம். என் மேசைக்கு வந்த விஸ்ரா (உள்ளுறுப்பு) ஜாடிகளில் எத்தனையோ அரளி. உடலைத் திறந்தால் 'இதுதான்' என்று சொல்லும் அடையாளம் பெரும்பாலும் இருக்காது. மிகச் சிறிய அளவே போதும் என்பதால் அன்றைய ரசாயனச் சோதனைகளுக்கு அது அகப்படாது. ரத்தத்தில் இவ்வளவு நுண்ணிய அளவைக் கண்டுபிடிக்கும் எதிர்ப்பொருள் முறைகள் 1960-களின் இறுதியில்தான் வந்தன. (அரளி தின்றவரைத் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. இதை எங்கே பேசினாலும் சொல்லிவிடுவேன்.)

ஆனால் ஹிக்ஸிடம் ஒரு நேர்மை இருந்தது. இந்த விஷங்கள் கடுமையாக வாந்தி வரவைக்கும். உடலருகே வாந்தியின் தடயம் இல்லை. அது இல்லாமல் திட்டவட்டமான முடிவுக்கு வர முடியாது என்று அவரே சொன்னார். அதை விட்டுவிட்டு இரண்டு பெயர்களை மட்டும் சொல்லித் திரிவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

கோவை வாசகர்: அவர் சோவியத் உளவாளி என்கிறார்களே?

வூமரா ஏவுகணைத் தளம் 1947-ல் அதே மாநிலத்தில் தொடங்கியது. பனிப்போர் காலம். லேபிள் இல்லாத சட்டை. இவை மூன்றையும் சேர்த்தால் ஒரு சந்தேகம் வரும், அவ்வளவுதான். சான்று ஒன்றுகூட இல்லை. பழைய துணிக்கடையில் வாங்கிய சட்டையிலும் லேபிள் இருக்காது.

ஈரோடு: அந்தப் புத்தகத்தில் இருந்த ரகசிய எழுத்துகளை உடைக்க முடியுமா?

குறியீட்டியல் என் துறை அல்ல. 1978-ல் ஆஸ்திரேலியப் பாதுகாப்புத் துறை வல்லுநர்கள் பார்த்துவிட்டு, எழுத்துகள் மிகக் குறைவு, திருப்தியான விடை சாத்தியமில்லை என்றார்கள். அதற்குமேல் கணிதக்காரர்களிடம் கேளுங்கள்.

ஓய்வு பெற்ற காவல் ஆய்வாளர், திருநெல்வேலி: உடலை வேறெங்கோ இருந்து கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். காது, கழுத்தின் பின்புறம் பிண நீலம் (இறந்தபின் ரத்தம் தாழ்ந்த பக்கம் இறங்கித் தேங்கும் கறை) அழுத்தமாக இருந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்த உடலில் ரத்தம் இடுப்புக்கும் காலுக்கும் அல்லவா இறங்கும்? ஷூ பளபளவென்று இருந்தது. வாந்தியும் இல்லை. நீங்கள் அதைத் தொடவே இல்லையே?

ஐயா, நல்ல கேள்வி. நேரத்தை வைத்துப் பார்ப்போம். காலை 9:40-க்கு மருத்துவமனையில் பார்த்த டாக்டர் பென்னட், சாவு அதிகாலை 2 மணிக்கு முன் நடந்திருக்காது என்று கணித்தார். அப்படியானால் உடலைத் தூக்கி மல்லாக்கக் கிடத்தியபோது ஏழெட்டு மணி நேரம்கூட ஆகவில்லை. பிண நீலம் முழுதாக நிலைப்பதற்கு அதைவிட அதிக நேரம் பிடிக்கும். நிலைக்காத ரத்தம் மல்லாக்கக் கிடந்த நிலைக்கு ஏற்பப் பின்கழுத்துக்கும் காதுக்கும் நகரும். பிரேதப் பரிசோதனை மறுநாள் காலையில்தான் நடந்தது. டுவையர் பார்த்தது கடற்கரையில் இருந்த நீலமா, வண்டியில் ஏற்றிய பின் வந்த நீலமா என்று எப்படிப் பிரிப்பீர்கள்?

அதே ஆய்வாளர்: பிரிக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஷூ?

ஷூவுக்கு என்னிடம் பதில் இல்லை. விசாரணையிலும் அது பேசப்பட்டது. பக்கத்துப் பகுதியான க்ளெனெல்கில் பஸ் இறங்கி ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடந்தவரின் ஷூவில் கொஞ்சமாவது மணலோ தூசியோ இருக்க வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு.

மதுரை, தடய மருத்துவ முதுநிலை மாணவர்: மேடம், குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். முதல் நாள் மாலை 7 மணிக்கு அதே இடத்தில் ஒருவர் கையைத் தூக்கிப் போட்டதை ஒரு தம்பதி பார்த்திருக்கிறார்கள். அப்புறம் யார் கொண்டுவந்து போட முடியும்?

தம்பி, அதில்தான் சிக்கல். அந்த மாலையில் பார்த்தவர்களில் ஒருவராலும் 'இதே முகம்' என்று உறுதி சொல்ல முடியவில்லை. காலையில் உடலைக் கண்டவரும் அந்தத் தம்பதியில் ஒருவர்தான், நகைக்கடைக்காரர் ஜான் லயன்ஸ். இடமும் கிடந்த விதமும் ஒன்று என்றார், முகத்தை முந்தின நாள் பார்க்கவில்லை. இந்த ஓட்டையை மரண விசாரணை அதிகாரி கிளேலண்டே சுட்டிக்காட்டினார்.

ஆய்வாளர்: பாருங்கள், என் பக்கம்தான் வருகிறீர்கள்.

உங்கள் பக்கம் முழுதாக வரவில்லை ஐயா. ஒரே உடுப்பில், ஒரே இடத்தில், ஒரே மாதிரி கால் நீட்டி இரண்டு பேர் இருந்தார்கள் என்பதைவிட, ஒருவரே இரவு முழுக்க அங்கே கிடந்தார் என்பதே எனக்கு நம்பும்படி இருக்கிறது. 7 மணிக்கு அசைந்த கை வலிப்பின் கடைசி அசைவாக இருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. அப்படியென்றால் 2 மணிக் கணக்கே தவறு, அதன்மேல் நான் கட்டிய பிண நீலக் கணக்கும் சரியும். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் மூன்று சான்றுகளில் ஷூவை மட்டும் ஏற்கிறேன்.

சேலம்: விஷம் கிடைக்கவில்லை, எனவே இயற்கை மரணம். சரியா?

மேலே முதல் பதில். கிடைக்கவில்லை என்பது இல்லை என்பதல்ல.

சென்னை: கெண்டைக்கால் தசை மேலேறி இருந்ததாமே, பாலே நடனக்காரரா?

தசையை வைத்துத் தொழிலைச் சொல்ல முடியாது.

கொழும்பு வாசகி: இப்போது பெயர் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று படித்தேன். எப்படி அக்கா?

மனதுக்கு இதமான கேள்வி, நன்றி தங்கச்சி. 1948 டிசம்பர் 10 அன்று உடலுக்கு ஃபார்மலின் ஏற்றிப் பதப்படுத்தினார்கள். அடுத்த ஜூனில் புதைக்கும் முன், பால் லாசன் என்ற அருங்காட்சியகக் கலைஞர் தலைக்கும் தோளுக்கும் பிளாஸ்டர் வார்ப்பு எடுத்தார். அந்த வார்ப்பில் சில மயிர்கள் ஒட்டிக்கொண்டன. யாரும் திட்டமிடாத சேமிப்பு அது.

பதப்படுத்திய உடலில் ஃபார்மலின் டிஎன்ஏவைக் கட்டிப்போட்டுச் சிதைக்கும். மயிர்த்தண்டில் வேர் இல்லாவிட்டால் செல்லின் உட்கருவில் உள்ள டிஎன்ஏ துண்டுதுண்டாகத்தான் இருக்கும், பழைய முறைக்குப் போதாது. அண்மைய வரிசைப்படுத்தும் முறைகள் அந்தத் துண்டுகளையும் படிக்கின்றன. அடிலெய்டு பல்கலைக்கழகத்தின் டெரெக் அபாட், அமெரிக்க மரபுவழி ஆய்வாளர் காலின் ஃபிட்ஸ்பேட்ரிக் இருவரும் அதை வம்சாவளித் தரவுத்தளத்தில் போட்டு, கிடைத்த தூரத்துச் சொந்தங்களிலிருந்து சுமார் 4,000 பேர் கொண்ட குடும்ப மரம் வரைந்தார்கள். 2022 ஜூலை 26 அன்று அவர்கள் அறிவித்த பெயர் கார்ல் வெப். 1905-ல் மெல்போர்ன் அருகே ஃபுட்ஸ்கிரேயில் பிறந்தவர், மின்பொறியாளர், கருவிகள் செய்பவர். சாவுப் பதிவே இல்லாதவர். 1947-ல் மனைவியைப் பிரிந்தபின் தடம் இல்லை.

ரயில் நிலையத்தில் ஒரு பெட்டி கிடைத்தது, இறந்தவருடையது என்று கருதப்பட்டது. அதிலிருந்த துணிகளில் 'டி. கீன்' என்று எழுதியிருந்தது. வெப்பின் அக்காவோ தங்கையோ ஒருவரின் கணவர் பெயர் தாமஸ் கீன். எழுபது வருடம் உளவாளியின் பொய்ப்பெயர் என்று பேசப்பட்டது, மைத்துனர் கொடுத்த சட்டையாக இருக்கலாம். இதைப் படித்த அன்று நான் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

காவல்துறை 2021 மே மாதம் உடலைத் தோண்டி எடுத்துத் தனியாகச் சோதனை தொடங்கியது. ஆகவே 'அபாட் குழு அறிவித்த பெயர்' என்றே சொல்லுங்கள்.

திருப்பூர்: அந்தப் புத்தகத்தில் ஃபோன் நம்பர் இருந்த நர்ஸ்தான் கொலை செய்தார், சரியா? அவர் மகனுக்கும் இறந்தவருக்கும் ஒரே காது!

இதற்குக் கோபமாகவே பதில் சொல்கிறேன். காதின் மேல்குழி, முன்பற்கள் ஒற்றுமையை வைத்து 'மகன் அவருடையவர்தான்' என்று உலகம் முழுக்க எழுதினார்கள். அபாட்டின் டிஎன்ஏ முடிவில் அந்தக் குடும்பத்துக்கும் வெப்புக்கும் உறவு இல்லை. அபாட்டின் மனைவியே அந்த மகனின் மகள், அதனால் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. ஒரு பெண்ணின் கற்பையும் ஒரு பிள்ளையின் பிறப்பையும் இத்தனை வருடம் ஊர் பேசியது, ஒரு காதின் வளைவை வைத்து. இறந்துபோனவர்தானே என்று கொலைப்பழி போடாதீர்கள். பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

வேலூர்: உளவாளியா இல்லையா, ஒரே வார்த்தையில்?

சான்று இல்லை.

தஞ்சாவூர்: பெயர் கிடைத்தபின் இது தற்கொலை என்று முடிவாகிவிட்டதல்லவா?

மனைவியின் விவாகரத்து மனுவில், வெப் சாவைப் பற்றிக் கவிதைகள் எழுதினார், முன்பு ஒருமுறை உயிரை விட முயன்றார் என்று இருக்கிறது. கேட்டால் மனம் கனக்கும். ஆனால் அது அவருடைய துயரத்துக்கான சான்று, டிசம்பர் 1-க்கான சான்று அல்ல. விசாரணை அதிகாரி 1949-ல் காரணம் எழுதாமல் விட்டார். நான் அந்த நாற்காலியில் இருந்தாலும் அப்படித்தான் விட்டிருப்பேன்.

அதே திருச்சி மாணவி: அப்படியென்றால் தோண்டி எடுத்த எலும்பிலிருந்தாவது விஷத்தைக் கண்டுபிடிக்க முடியுமா மேடம்?

ஆர்சனிக், ஈயம் போன்ற உலோகமாக இருந்தால் எலும்பும் மயிரும் காட்டிக்கொடுக்கும். ஹிக்ஸ் எழுதிக் கொடுத்த இரண்டும் உலோகம் அல்ல, சிதையக்கூடிய தாவரப் பொருள்கள். ஃபார்மலினிலும் மண்ணிலும் 72 வருடம் கிடந்த திசுவில் அதைத் தேடச் சொன்னால், நான் தேடிப் பார்ப்பேன். கிடைக்கும் என்று நம்பித் தேட மாட்டேன். கிடைக்காமல் போனால் என் அறிக்கையில் 'கண்டறியப்படவில்லை' என்று மட்டும் இருக்கும்.