பக்கவாட்டில் போகும் கார்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மழை பெய்தால் எங்கள் ஊர்ச் சாலையில் எல்லாக் காரும்தான் வழுக்குகிறது. அதையே ஜப்பானில் செய்தால் ‘டிரிஃப்ட்’ என்று கைதட்டுகிறார்கள். என்ன வித்தியாசம் சார்?
– கல்லூரி மாணவர், ஈரோடு

பதில்: உங்கள் கார் உங்களைக் கேட்காமல் வழுக்குகிறது. டிரிஃப்ட்டில் ஓட்டுபவரே வழுக்க வைக்கிறார். வளைவுக்குச் சற்று முன்னால் பிரேக்கை மிதித்தால் எடை முன்பக்கம் சாய்ந்து, பின்பக்கம் லேசாகும். அந்த நொடியில் கிளட்சை ஒரு உதை விட்டாலோ, ஹேண்ட்பிரேக்கைச் சுண்டினாலோ பின் சக்கரங்கள் பிடியை விட்டுவிடும்; வால் வெளியே வீசும். அப்புறம்தான் வேலையே. கார் வலப்பக்கம் திரும்பிக்கொண்டிருக்க, ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்து, அந்தக் கோணம் கலையாமல் ஆக்சிலேட்டராலேயே காரைத் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

நான் ஃபுகுஷிமா மாநிலத்தில், கொரியாமாவில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் ஐந்து வருடம் வேலை பார்த்தேன். லீவு கிடைத்தால் நிஹொன்மட்சு மலையில் இருக்கும் எபிசு சர்க்யூட் என்ற பந்தயத் தடத்துக்குக் கிளம்பிவிடுவேன். முதல் தடவை வேலியோரம் நின்றபோது ஒரு நிசான் சில்வியா வந்தது. ஓட்டியவர் முன்கண்ணாடி வழியாகப் பார்க்கவே இல்லை. பக்கத்து ஜன்னல் வழியாக என்னையே முறைப்பது போலிருந்தது. அவர் போக வேண்டிய பாதை அந்தப் பக்கம் இருந்தது, அவ்வளவுதான். புகை விலகியதும் பார்த்தால், என் சட்டைக் கையில் மிளகுத்தூள் தூவியது போல டயர்த் துணுக்குகள்.

காசு கட்டி நானும் ஒரு நாள் முயன்றேன். தண்ணீர் தெளித்த தரை, வாடகைக் கார். ஏழு முறை பம்பரமாகச் சுற்றி நின்றேன். எட்டாவது முறை அரை வட்டம் ஒழுங்காக வந்தது. சொல்லிக் கொடுத்தவர் பெருமூச்சு விட்டார்.

கேள்வி: இதைக் கண்டுபிடித்தது யார்? முதலில் வருபவருக்குப் பரிசு கிடையாதாமே?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: ஆமாம், கிடையாது. எந்தக் கோணத்தில் போனார், கோடு தப்பாமல் போனாரா, எவ்வளவு வேகம் என்று பார்த்து நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள். நம் ஊர் பாட்டுப் போட்டி மாதிரிதான். தோற்றவர் முகத்தைப் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கும்.

தொடக்கம் குனிமிட்சு தகாஹாஷி. 1961இல் மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரி பந்தயத்தில் வென்ற முதல் ஜப்பானியர் அவர்தான். பின்னால் காருக்கு மாறினார். 1970களில் வளைவுகளுக்குள் வேகமாக நுழைந்து, காரைச் சறுக்கவிட்டே வெளியே வருவார். அவரைப் பார்த்து வளர்ந்தவர் கெய்ச்சி சுச்சியா. ராத்திரியில் மலைப்பாதைகளில் பழகிப் பழகி, ‘டிரிஃப்ட் கிங்’ என்று பெயர் வாங்கினார். அந்த மலைப்பாதைகள் பலவற்றில் இப்போது வளைவுக்கு வளைவு மேடு போட்டிருக்கிறார்கள். ஊர்க்காரர்களும் தூங்க வேண்டாமா?

கேள்வி: நாற்பது வருடத்துப் பழைய கொரோலாவுக்கு ஏன் இத்தனை மவுசு?
– வங்கி ஊழியர், மதுரை

பதில்: நீங்கள் கேட்பது ஏஇ86. ஜப்பானில் ‘ஹச்சிரோகு’, அதாவது எட்டு-ஆறு. 1983 முதல் 1987 வரை வந்த கார். 1587 சிசி, பதினாறு வால்வு எஞ்சின். எடை ஒரு டன்னுக்கும் குறைவு. மற்ற கொரோலாக்களெல்லாம் முன் சக்கர இழுவைக்கு மாறிக்கொண்டிருந்தபோது, இது மட்டும் பின் சக்கர இழுவையிலேயே, அதாவது எஞ்சின் பின் சக்கரங்களைச் சுற்றும் அமைப்பிலேயே நின்றது. டிரிஃப்ட்டுக்கு அதுதான் வேண்டும். சுச்சியா ஓட்டியதும் இதைத்தான். பிறகு ஒரு மங்காவில், அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையில், தோஃபுக் கடைப் பையன் இதை ஓட்டிக்கொண்டு மலையிறங்கினான். அத்தோடு விலையும் மலையேறிவிட்டது.

எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம். டொயோட்டா 2000ஜிடி என்ற ஸ்போர்ட்ஸ் கார் கோடிக்கணக்கில் விலை போனால் புரிகிறது. 1967க்கும் 1970க்கும் இடையில் செய்ததே 351தான். பார்த்தால் செதுக்கி வைத்தது போலிருக்கும். ஏஇ86 அப்படி இல்லை. மலிவாகக் கிடைத்ததால்தான் பையன்கள் வாங்கினார்கள், இடித்தார்கள், தட்டி நிமிர்த்தி மறுபடி ஓட்டினார்கள். இன்று அதே வண்டி கண்ணாடி அறைக்குள் விளக்கு வெளிச்சத்தில் நிற்கிறது. நல்லவேளை, அதற்குச் சில உதிரிபாகங்களை டொயோட்டாவே மறுபடி செய்து தருகிறது. 2023 தொடக்கத்தில் டோக்கியோ ஆட்டோ சலூன் என்ற கார் கண்காட்சியில் ஹைட்ரஜனில் ஓடும் ஏஇ86 ஒன்றும், பேட்டரி ஏஇ86 ஒன்றும் வைத்தார்கள். பேட்டரி வண்டியிலும் கிளட்சும் கியரும் உண்டு. அதைக் கேட்டதும் மனசு கொஞ்சம் ஆறியது.

கேள்வி: தாத்தாவின் பிரீமியர் பத்மினி வீட்டில் நிற்கிறது. அதுவும் பின் சக்கர இழுவைதானே, டிரிஃப்ட் செய்யலாமா?
– பிளஸ் டூ மாணவர், பொள்ளாச்சி

பதில்: தம்பி, முதலில் லைசென்ஸ் எடு. பின் சக்கர இழுவை என்பது சரிதான். ஆனால் 1089 சிசி, சுமார் 40 குதிரைசக்தி. காய்ந்த தாரில் டயரைப் பிய்த்துக்கொண்டு போகிற அளவுக்குத் தெம்பு கிடையாது. போதாததற்கு, இரண்டு பின் சக்கரங்களுக்கும் சக்தியைப் பங்கிடும் டிஃபரன்ஷியல் சாதாரண வகை. வளைவில் உள்பக்கச் சக்கரம் மட்டும் வெறுமனே சுற்றும், மற்றது சும்மா இருக்கும். ரோட்டில் முயன்று பார்க்கிற எண்ணம் இருந்தால் சாவியைத் தாத்தாவிடமே கொடுத்துவிடு.

வண்டியை ஓட்டும் நிலைக்குக் கொண்டுவர ஆசை இருந்தால், கதவுக்குக் கீழே இருக்கும் தகட்டை ஸ்பேனரால் மெதுவாகத் தட்டிப் பார். ‘டங்’ என்று கேட்டால் பிழைத்தாய். ‘தொப்’ என்றால் உள்ளே துரு. பெயின்ட் கடைக்குப் போகாதே, நல்ல டிங்கராகத் தேடு.