நியமன உறுப்பினர்தானே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வாரக் கட்டுரையில், நல்ல சட்டமன்ற உறுப்பினர் எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை எடுத்துக்காட்டியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. அவர் தேர்தலில் நின்றவரே இல்லை. கவர்னர் நியமித்தார், போய் உட்கார்ந்தார். மூன்றரை ஆண்டில் ராஜினாமாவும் செய்துவிட்டார். தெருத்தெருவாக ஓட்டுக் கேட்டு நடந்து, தோற்று, மறுபடி நின்று ஜெயித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு இவரை ஏன் பிடித்தீர்கள்? நல்ல மருத்துவர், நல்ல சமூக சேவகி என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். மக்கள் பிரதிநிதி என்று சொல்லாதீர்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

கவர்னர் நியமித்தார் என்பது உண்மை. அதைக் கட்டுரையிலேயே நான் சொல்லியிருக்கவேண்டும், விட்டது என் தவறு.

ஆனால் அந்தக் காலத்துத் தேர்தலையும் கொஞ்சம் பாருங்கள். சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது 1921-இல். சட்டசபையில் உட்காரும் உரிமை கிடைக்க 1926 ஆயிற்று. அந்த ஆண்டே கமலாதேவி சட்டோபாத்யாய் மங்களூரில் நின்று, மிகக் கொஞ்ச ஓட்டில் தோற்றுப்போனார். ஓட்டுப் போட்டவர்கள் யார்? நிலம் வைத்திருந்தவர்கள், வரி கட்டியவர்கள். ஊரில் பெரும்பாலானவர்களுக்கு அந்தச் சீட்டு கையில் வரவே இல்லை. ஆகவே 'தேர்ந்தெடுக்கப்பட்டவர்' என்ற சொல்லுக்கு இன்று நாம் கொடுக்கும் எடையை 1926-க்குத் தூக்கிக்கொண்டு போகமுடியாது.

முத்துலட்சுமியும் ஒரு தேர்தலைச் சந்தித்தார். 1927-இல் சபையின் துணைத் தலைவர் பதவிக்கு. சக உறுப்பினர்கள் அத்தனை பேரும் ஆண்கள். ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

அவருடைய பின்னணி உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர், தாய் சந்திரம்மாள், தேவதாசிகள் பலர் பிறந்த இசை வேளாளர் குலத்தவர். ஆண்கள் மட்டும் படித்த மன்னர் கல்லூரியில் இந்தப் பெண்ணைச் சேர்க்க எதிர்ப்பு கிளம்பியபோது, புதுக்கோட்டை மன்னரே தலையிட்டு இடம் கொடுத்தார். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம். உறுப்பினர் பதவி வந்தபோது, வைத்தியத் தொழில் கெடுமே என்று முதலில் தயங்கியிருக்கிறார். பதவிக்கு அலைந்தவர் இல்லை.

சபையில் குழந்தைகளுக்குத் தனி மருத்துவமனை, பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை என்று பலவற்றைக் கேட்டார். நான் அவரை எடுத்துக்காட்டாகச் சொன்னது இவற்றுக்காக அல்ல, தேவதாசி முறை பற்றிய 1929 சட்டத்துக்காக. அதை விரித்து எழுதாமல் போனதால்தான் உங்கள் கடிதம் வந்தது என்று நினைக்கிறேன்.

தேவதாசி முறையைப் பற்றி மேடையில் பேச யாராலும் முடிந்தது. சிறுமிகளைக் கோயிலுக்கென்று நேர்ந்துவிடும் பொட்டுக் கட்டுவது எதனால் நிற்காமல் தொடர்கிறது என்பதுதான் அன்றைய கேள்வி. விடைகளில் ஒன்று நிலக் கணக்கில் இருந்தது. கோயில் ஊழியத்துக்காகத் தேவதாசிக் குடும்பங்களுக்கு இனாம் நிலம் விடப்பட்டிருந்தது. வீட்டில் ஊழியம் செய்ய ஒரு பெண் இல்லாவிட்டால் நிலம் கைவிட்டுப் போகும். அடுத்த தலைமுறையில் ஒரு சிறுமிக்குப் பொட்டுக் கட்ட இதைவிட வலுவான காரணம் வேண்டுமா? முத்துலட்சுமி கொண்டுவந்த திருத்தம், அறநிலையச் சட்டத்துக்குள் புகுந்து நிலத்தையும் ஊழியத்தையும் பிரித்தது. நிலத்தை வைத்திருந்த பெண்ணுக்கே அது நிலைத்தது. கோயிலுக்கு ஒரு தொகை கட்டினால் போதும், ஊழியக் கட்டாயம் இல்லை. புண்ணியம், பாவம் என்று வாதாடிக்கொண்டிருக்காமல் வருவாய்த்துறைக் கணக்கில் கை வைத்தாரே, அதைத்தான் சட்டமன்றத் திறமை என்கிறேன்.

நியமனத்தை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்டிருந்தால் நான் திணறியிருப்பேன். தேவதாசிப் பெண்களில் பலரே அவரை எதிர்த்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற பெரிய கலைஞர்கள் அரசுக்கு மனுக் கொடுத்தார்கள். எங்கள் கலையையும் படிப்பையும் சொத்துரிமையையும் பார்க்காமல் எல்லோரையும் ஒரே தட்டில் வைக்கிறீர்களே என்பது அவர்கள் வாதம். அவர்களில் ஒருவருக்கும் சபையில் இடம் இல்லை. அவர்களுக்காகப் பேசியவர் அவர்களோடு போதுமான அளவு பேசவில்லை என்றுதான் எனக்கும் படுகிறது. அதே குலத்தில் பிறந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் முத்துலட்சுமி பக்கம் நின்றார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஆக, அந்தப் பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசவில்லை.

ராஜினாமாவுக்கு வருவோம். 1930-இல் காந்தி கைதானதைக் கண்டித்து விலகினார். எந்த அரசு நியமித்ததோ அதே அரசின் முகத்தில் பதவியை விட்டெறிந்தார். 'போய் உட்கார்ந்தார்' என்று எழுதினீர்களே, எழுந்த விதத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு விலையும் இருந்தது. பொட்டுக் கட்டுவதையே தடைசெய்யும் மசோதாவை அவர் கொண்டுவந்திருந்தார். அவர் போனதும் அது கிடப்பில் விழுந்தது. சட்டமாக 1947 அக்டோபர் வரை காத்திருக்கவேண்டியிருந்தது. பதினேழு ஆண்டுகள்! இருந்து நிறைவேற்றிவிட்டுப் போயிருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. மனைவியிடம் சொன்னால், "சிறைக்குப் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க உங்களால் முடியுமா?" என்கிறாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

விலகிய அதே ஆண்டில், சபையில் தான் செய்ததையும் செய்ய முயன்றதையும் ஆங்கிலத்தில் ஒரு நூலாக எழுதி வெளியிட்டார். கணக்குக் கேட்க அவருக்குத் தொகுதியும் இல்லை, வாக்காளரும் இல்லை. தானாகவே கணக்குக் கொடுத்தார்.

தோற்றும் விடாமல் நின்று ஜெயித்தவர்களைப் பற்றி நான் எழுதியதே இல்லை, அது குறைதான். மனதில் யாரை வைத்துக் கேட்டீர்கள் என்று அடுத்த கடிதத்தில் சொல்லுங்கள், அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்