கேள்வி – பதில்: ஜப்பானியக் கிண்ணத்துக்குள் இருப்பவை

கேள்வி: டிசம்பர் 28 முதல் ஜனவரி 4 வரை கியோத்தோவில் தங்கவிருக்கிறோம். அந்த நாட்களில் உணவகங்கள் மூடிக்கிடக்கும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். பயணத்தைத் தள்ளிவைக்கலாமா?

பதில்: தள்ளிவைக்க வேண்டாம். 1873இல் சூரிய நாட்காட்டிக்கு மாறியதிலிருந்து ஜப்பானியருக்கு ஜனவரி 1ஆம் தேதியே புத்தாண்டு. அதை அவர்கள் பெரும்பாலும் வீட்டில், குடும்பத்தாருடன் அமைதியாகக் கொண்டாடுகிறார்கள். அரசு அலுவலகங்கள் டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை இயங்குவதில்லை. அருங்காட்சியகங்கள் பலவும், குடும்பத்தினரே நடத்தும் சிற்றுணவகங்களும் ஏறக்குறைய அதே நாட்களில் அடைத்திருக்கும். ஆனால் இருபத்து நான்கு மணி நேரக் கடைகளும், பெரிய ரயில் நிலையங்களை ஒட்டிய உணவகங்கள் பலவும் திறந்திருக்குமாதலால் நீங்கள் பட்டினி கிடக்க நேராது.

உண்மையில், உணவின் வழியாக ஜப்பானை அறிய இதைவிட நல்ல வாரம் கிடைப்பது அரிது. டிசம்பர் 31 இரவு 'தொஷிகொஷி சோபா' உண்பார்கள். பக்வீட் மாவில் செய்த அந்த நூடுல்ஸ் எளிதில் அறுபடும். முடிகிற ஆண்டின் கெடுதல்களும் அதைப் போலவே அறுந்து போகட்டும் என்பது ஒரு விளக்கம். நீளமாக இருப்பதால் நீண்ட ஆயுளைக் குறிக்கிறது என்று சொல்பவர்களும் உண்டு. நள்ளிரவை ஒட்டிப் பௌத்த ஆலயங்களில் மணி 108 முறை ஒலிக்கும்; மனித மனத்தைப் பீடிக்கும் ஆசைகள் 108 என்பது மரபுக் கணக்கு. கியோத்தோவின் சியோன்-இன் ஆலயத்தில், 1636இல் வார்க்கப்பட்ட, ஏறக்குறைய 70 டன் எடையுள்ள மணியைப் பதினேழு துறவிகள் கயிறு பிடித்து அடிக்கிறார்கள்.

விடிந்ததும் 'ஸோனி' என்னும் சூப்; ஒட்டும் அரிசியை இடித்துச் செய்த 'மோச்சி' என்னும் பண்டம் அதில் மிதக்கும். இதில்தான் ஊருக்கு ஊர் வழக்கு மாறும்: கியோத்தோவில் வெண்மிசோவில் (புளித்த சோயா விழுது கரைத்த சாற்றில்) உருண்டையான மோச்சி, தோக்கியோவில் தெளிந்த சாற்றில் சதுர மோச்சி. ககாவா பகுதியிலோ இனிப்புப் பயறு விழுது வைத்த மோச்சியையே வெண்மிசோவில் போடுகிறார்கள். கேட்பதற்கு விபரீதமாகத்தான் இருக்கிறது. எந்த வகையானாலும் சிறு துண்டுகளாகக் கடித்து, நன்றாக மென்று விழுங்குங்கள். மோச்சி தொண்டையில் அடைத்து முதியவர்கள் உயிரிழப்பது ஆண்டுதோறும் செய்தியாகிறது.

கேள்வி: நான் மீனும் இறைச்சியும் உண்பதில்லை. மிசோ சூப், டோஃபு, காய்கறிகள் ஆகியவற்றை நம்பிச் சாப்பிடலாமா?

பதில்: நம்பிவிட முடியாது. ஜப்பானியச் சமையலின் அடித்தளமான 'தாஷி' என்னும் சாறு, பெரும்பாலும் கொம்பு என்ற கடற்பாசியையும், வேகவைத்துப் புகையூட்டி உலர்த்திய சூரை மீனின் சீவல்களையும் ஊறவைத்து எடுக்கப்படுகிறது. மிசோ சூப்பிலும், வேகவைத்த கீரையிலும், டோஃபுவின் மேல் ஊற்றும் சாற்றிலும் அது கலந்திருக்கலாம். "இறைச்சி இல்லை" என்று பணியாளர் சொன்னால் அவர் உங்களை ஏமாற்றவில்லை; அவருடைய கணக்கில் மீன்சாறு இறைச்சியாகாது. ஆகவே இறைச்சியைப் பற்றிக் கேட்காமல், "தாஷி நி சகானா வா ஹைத்தே இமாஸ் கா?", அதாவது சாற்றில் மீன் சேர்ந்திருக்கிறதா, என்று கேளுங்கள்.

மீனில்லாமலும் தாஷி எடுக்கலாம்: கொம்புவும் உலர்ந்த ஷீத்தாக்கே காளானும் போதும். வேதியியலாளர் இகேதா கிகுனாயே 1908இல் 'உமாமி' என்று பெயரிட்ட சுவையை அந்தக் கொம்புச் சாற்றிலிருந்துதான் பிரித்தறிந்தார். பௌத்த மடங்களின் 'ஷோஜின் ரியோரி' இந்த வகைச் சாற்றையே கொண்டு சமைக்கப்படுவது; வெங்காயமும் பூண்டும்கூட அதில் விலக்கு. ஜென் துறவி தோகென் 1237இல் மடத்துச் சமையற்காரருக்கென்றே ஓர் உபதேச நூல் எழுதினார் என்றால், அடுப்படிக்கு அங்கே இருந்த மதிப்பைப் புரிந்துகொள்ளலாம். பௌத்த ஆலயங்கள் நிறைந்த கோயா மலையின் ஆலய விடுதிகளில் ஓர் இரவு தங்கினால், உறையவைத்து உலர்த்திய கோயா டோஃபு உட்பட இந்த உணவை முறையாக உண்ணலாம்.

கேள்வி: சோற்றில் உண்ணும் குச்சிகளைச் செங்குத்தாகக் குத்தி வைத்தபோது, எதிரே இருந்த ஜப்பானிய நண்பரின் முகம் மாறிவிட்டது. அவ்வளவு பெரிய தவறா?

பதில்: ஆம். இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் குச்சிகளை அப்படி நட்டு வைப்பார்கள். ஒருவர் குச்சியிலிருந்து மற்றவர் குச்சிக்கு உணவை மாற்றுவதும் கூடாது; தகனத்துக்குப் பின் உறவினர்கள் எலும்புகளைக் கலயத்தில் சேர்க்கும் முறையை அது நினைவூட்டும். குச்சிகளை அவற்றுக்குரிய சிறு தாங்கியில் கிடத்துங்கள். பகிர வேண்டியதை மற்றவரின் தட்டில் வையுங்கள்.

கேள்வி: உணவகத்தில் டிப்ஸ் எவ்வளவு கொடுப்பது?

பதில்: எதுவும் வேண்டாம். மேசையில் பணம் வைத்துவிட்டு வந்தால், மறந்துவிட்டீர்கள் என்றெண்ணி உங்களைத் தேடி ஓடிவந்து கொடுப்பார்கள். ஆனால் 'இசகாயா' மதுக்கூடங்களில் கேட்காமலே வரும் சிறு தட்டுக்குச் சில நூறு யென் பில்லில் சேர்ந்திருக்கும். அது அங்கே வழக்கம், சண்டை போட வேண்டாம். புறப்படும்போது "கோச்சிசோசாமா தெஷிதா" என்று சொல்லுங்கள். 'சிசோ' என்ற சொல்லுக்கு ஓடியாடுதல் என்பதே மூலப் பொருள்: விருந்தினருக்காக அலைந்து உணவு தேடியவருக்குச் சொல்லும் நன்றி அது.